பெட்டிக்குள் போன குரல்

அந்த மூன்று பேரும் மாடிப்படி ஏறி வந்த விதத்திலேயே மாமனாருக்குத் தெரிந்துவிட்டது, இது வெறும் ரிப்பேர் சமாசாரம் இல்லை என்று. முன்னால் வந்தவர் ஒரு கறுப்புப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்தவர் தாங்கிப் பிடிக்கக் கை நீட்டியபோது, முன்னவர் வெடுக்கென்று தோளைத் திருப்பிக்கொண்டார். இருவருக்கும் நடுவில் ஒரு பெண்மணி. கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி, கழுத்திலிருந்து தொங்கும் சின்ன வெள்ளைப் பலகை, கைகளுக்குள் இறுக்கிப் பிடித்த ஒரு கைப்பை.

தொலைந்துபோன கோப்புகளை மீட்டுத் தரும் அந்தக் கடை மருமகளுடையது. கடைத்தெருவில் அவளுக்கு 'அவசரமில்லை' என்று பெயர். யார் என்ன தலைபோகிற காரியத்தோடு ஓடி வந்தாலும், "அவசரமில்ல, உக்காருங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பொழுது போகாமல் கடைக்கு வர ஆரம்பித்து, இப்போது தன்னைக் கடையின் துப்பறியும் இலாகா என்றே நினைத்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவார். இதுவரை ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

"அவசரமில்ல, உக்காருங்க" என்றாள் மருமகள்.

"அவசரம்தாங்க" என்றார் பெட்டிக்காரர். கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். "இது என் வீட்டுக்காரி. கணக்கு டீச்சர். தொண்டையில ஆபரேஷன். குரல்பெட்டியையே எடுத்துட்டாங்க. எடுக்கறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில சொன்னாங்க, உங்க குரலைப் பதிவு பண்ணி வெச்சுக்குங்க, அதை வெச்சே உங்களுக்குப் பேசற மெஷின் ஒண்ணு செஞ்சு தர்றோம்னு. வாரக்கணக்கா உக்காந்து பதிவு பண்ணா. தலைவலிங்கறதுலேர்ந்து கதவைச் சாத்துங்கறது வரைக்கும், எல்லாமே அவ வாயால. அத்தனையும் இந்தப் பெட்டிக்குள்ள. இப்ப திறந்தா ஒண்ணுமில்லங்குது."

"வேற எங்கயும் நகல் இல்லையா?"

"இவனைக் கேளுங்க" என்று பின்னால் நின்றவரைக் காட்டினார். "என் மச்சான். பெரிய போட்டோக்காரர். பெட்டி இவனோடது. இதுவே பத்திரம், ஒரு டிஸ்க் போனாலும் மத்தது காப்பாத்தும்னு இவன்தான் சத்தியம் பண்ணான்."

"நான் சொன்னது தப்பில்ல அத்தான்" என்றார் போட்டோக்காரர், நெற்றியைத் துடைத்தபடி. "நீங்க எதையாவது நோண்டாம இருந்திருந்தா..."

"நான் நோண்டினேனா!"

டீச்சர் பலகையைத் தூக்கினார். பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். இன்னொரு கை பையை விடவில்லை. ஓர் எழுத்து எழுதுவதற்குள் கணவர் குனிந்து, "நீ சிரமப்படாதம்மா. நான் சொல்றேன்ல" என்று பலகையை மெல்ல இறக்கிவிட்டார். அதில் அன்புதான் இருந்தது. மனைவியின் குரல் போனதிலிருந்து அவளுக்கும் சேர்த்து அவரே பேசிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

பையை இப்படிப் பிடிப்பவர்களை மாமனார் ரயிலில் நிறையப் பார்த்திருக்கிறார். பாவம், செலவு எவ்வளவு ஆகுமோ என்ற கவலை என்று தீர்மானித்துக்கொண்டார்.

மருமகள் பெட்டியை மேசையில் வைத்து, மின்சாரம் கொடுக்காமல், சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எழுத்து, எண் எதுவும் இல்லாத மொட்டை முகம். அதில் டிஸ்க்குகளைத் தாங்கும் நான்கு தட்டுகள் செங்குத்தாக வரிசையாகச் செருகியிருந்தன. தட்டுகளின் மேல் படாமல், அவற்றை ஒட்டிய சட்டத்தில் குறுக்காக ஒரு கறுப்பு நாடா ஒட்டியிருந்தது.

"இந்த நாடா?"

"நான்தான் ஒட்டினேன்" என்றார் கணவர். "ஆபரேஷனுக்கு அப்புறம் அவளுக்குச் சரியாத் தூக்கம் கிடையாது. இதுல நாலு விளக்கு சிமிட்டிக்கிட்டே இருக்கும். அவ வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே மூடிட்டேன்."

மருமகள் பெட்டியின் தலைமேல் விரலால் இழுத்தாள். விரல் சுத்தமாக வந்தது. பிறகு பெட்டியைச் சாய்த்து, அடிப்பாகத்தைத் தடவினாள். ரப்பர் கால்களுக்கு நடுவில் தூசி மெத்தைபோல் படிந்திருந்தது. விரலையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனாரும் எட்டிப் பார்த்தார். தூசி தூசியாகத்தான் தெரிந்தது.

தட்டுகளை வெளியே எடுத்து, ஒவ்வொரு டிஸ்க்காகத் தன் கருவியில் மாட்டினாள். முதலாவது நன்றாக இருந்தது. இரண்டாவது டக் டக்கென்று அடித்துக்கொண்டு, சுற்ற மறுத்தது. மூன்றாவது ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது; உள்ளே சுத்தமாக ஒன்றுமே இல்லை. நான்காவது நன்றாக இருந்தது.

மூன்றாவதைப் பார்த்ததும் போட்டோக்காரர் எழுந்தேவிட்டார். "இது என்னோட ஸ்பேர்! அக்கா வீட்டு அலமாரி டிராயர்ல பிரிக்காம வெச்சிருந்தேன். எப்பவாவது ஒண்ணு கெட்டா மாத்திக்கலாம்னு. இது எப்படி உள்ள வந்துச்சு?"

"பாத்தீங்களா! அவன் வாயாலயே வந்துடுச்சு!" என்றார் கணவர்.

"நான் மாத்தினா நானே ஏன் கத்தறேன்? வீட்டுல இருக்கறது நீங்க ரெண்டு பேர்தானே? நான் ஒரு வாரமா வெளியூர்ல கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்துட்டிருந்தேன். வந்து பாத்தா பெட்டி செத்துக் கிடக்கு!"

டீச்சர் மறுபடி பலகையைத் தூக்கினார். "நீ சும்மா இரும்மா, பிபி ஏறிடும்" என்றார் கணவர். "ஆமாக்கா, நீ டென்ஷன் ஆகாத" என்றார் தம்பி. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

மாமனார் மருமகளை ஓரமாக அழைத்தார். "போட்டோக்காரன்தாம்மா. வேர்த்துக் கொட்டுது பாரு. வேற எதையோ அழிக்கப் போயி இதையும் அழிச்சிட்டான்."

"நாலு மாடிக்கு லிஃப்ட் இல்ல மாமா. யாருக்கும் வேர்க்கும்."

"அப்ப புருஷன். அன்பு கொஞ்சம் ஓவரா இருக்கு."

மருமகள் சிரித்தாள். மாமனாருக்கு அவளிடம் பிடித்ததே இதுதான். தன்னை முட்டாள் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சிரித்துவிட்டு மேலே போய்விடுவாள். மகன் பெண் பார்த்து வந்த நாளில், இந்தப் பெண் பேச்சே இல்லாமல் இருக்கிறாளே என்று அவர் குறைப்பட்டது உண்டு. பேச்சுக்குப் பதிலாக அவள் என்ன வைத்திருந்தாள் என்பது போகப்போகத்தான் புரிந்தது.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "குரல் எங்க இருக்குன்னு முதல்ல சொல்லிடறேன். ஒரு கட்டிலை நாலு பேர் தூக்கிட்டுப் போறாங்கன்னு வெச்சுக்குங்க. ஒருத்தர் கைவிட்டா மத்த மூணு பேர் தாங்கிடுவாங்க. ரெண்டு பேர் விட்டா கட்டில் தரையில. இந்தப் பெட்டியும் அப்படித்தான். இரண்டாவது டிஸ்க் தானாவே கெட்டுப்போச்சு. அதோட நின்னிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா, யாரோ அதை மாத்த நினைச்சு, மூணாவதை உருவிட்டாங்க."

"கெட்டதை விட்டுட்டு நல்லதையா?" என்றார் கணவர்.

"ஆமா. அதுவும் நாசம் பண்ணணும்னு இல்ல. நாசம் பண்றவங்க புது டிஸ்க்கைப் பிரிச்சு, தட்டுல சரியாப் பொருத்தி, மறுபடி செருக மாட்டாங்க. இது காப்பாத்த வந்த கை. கணக்கா எண்ணித்தான் எடுத்திருக்கு. ஆனா தப்பாப் போச்சு. ஏன் தப்பாப் போச்சு?" போட்டோக்காரரைப் பார்த்தாள். "வீட்டுல பெட்டியை எப்படி வெச்சிருந்தீங்க?"

"அலமாரி கீழ்த்தட்டுல."

"நிமிர்ந்தா, கவுந்தா?"

போட்டோக்காரர் விழித்தார். "கவுத்து வெச்சிருந்தேன். ஒயர் எட்டல. தலைகீழாத் திருப்பினா, சொருகற இடம் இந்தப் பக்கம் வரும், எட்டும். அக்கா ஆஸ்பத்திரியில இருந்தப்ப கொண்டுவந்து வெச்சது. இன்னைக்கு நான்தான் கழட்டி நிமிர்த்தி இவர் கையில குடுத்தேன். உங்களுக்கு எப்படி..."

"தூசி மேலேருந்துதான் விழும். இந்தப் பெட்டிக்கு அடியில படிஞ்சிருக்கு." விரலைக் காட்டினாள். "கவுந்த பெட்டியில இடப்பக்கத்துலேர்ந்து ரெண்டாவதா எண்ணினா, கைக்கு வர்றது மூணாவது."

அதே தூசியை மாமனாரும்தான் பார்த்தார். துடைக்கத் துணி தேடத்தான் அவருக்குத் தோன்றியது.

"இப்ப யாருன்னு பாப்போம்" என்றாள் மருமகள். அவள் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "தம்பி பண்ணியிருந்தா, கவுத்தது அவரே. சரியான பக்கத்துலேர்ந்து எண்ணியிருப்பார். சார் பண்ணியிருந்தா, நாடாவுக்கு அடியில விளக்கு இருக்குன்னு அவருக்குத் தெரியும். அதைப் பிரிச்சுப் பாத்தாலே எது சிவப்பா எரியுதுன்னு தெரிஞ்சிருக்கும், எண்ணவே வேணாம். நாடா ஒட்டினபடியே இருக்கு. ஆக, மாத்தினவங்களுக்குப் பெட்டி கவுந்திருக்கறதும் தெரியாது, விளக்கு இருக்கறதும் தெரியாது."



"அப்ப வெளியாள் யாரோ" என்று ஆரம்பித்தார் கணவர்.

"சார், வந்ததுலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கிட்டீங்க. என்னையும் கேட்டீங்க. வீட்டுல இருக்கற இன்னொருத்தரை யாராவது கேட்டீங்களா? நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்தா, எனக்குப் பதில் கிடைச்சிடும்." அவள் நாற்காலியை டீச்சர் பக்கம் திருப்பினாள். "டீச்சர், நீங்க சொல்லுங்க. எனக்கு அவசரமில்ல."

டீச்சர் பலகையை எடுத்து எழுதினார். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. ஒவ்வோர் எழுத்தும் வரிசையில் நின்றது.

'பெட்டி கத்தியது. என் போனுக்குச் செய்தி வந்தது: இரண்டாவது டிஸ்க் பழுது, உடனே மாற்றவும். இவர் கடையில். தம்பி ஊரில் இல்லை. என் குரல்தானே, நானே காப்பாற்றுவேன் என்று நினைத்தேன்.'

அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

'நானே கொன்றுவிட்டேன். இரண்டு தடவை சொல்ல வந்தேன்.'

கணவர் வாயைத் திறந்தார். அப்புறம், கடவுள் புண்ணியத்தில், மூடிக்கொண்டார். போட்டோக்காரர் தன் போனை எடுத்துப் பார்த்தார். படிக்காத செய்திகளின் குவியலுக்குள் அது கிடந்தது. "எனக்கும் வந்திருக்குக்கா. நான் பாக்கவே இல்ல" என்றார்.

"நீங்க கொல்லல டீச்சர்" என்றாள் மருமகள். "நீங்க சரியாத்தான் எண்ணினீங்க. பெட்டிதான் தலைகீழா நின்னுச்சு. நீங்க எடுத்தது கெட்ட டிஸ்க்குன்னு நினைச்சிருப்பீங்க. அது உயிரோட இருக்கற டிஸ்க். அது கிடைச்சா மூணு பேர் ஆச்சு, கட்டிலைத் தூக்கிடலாம். அதை என்ன பண்ணீங்க? குப்பையில போட்டிருந்தாலும் பரவாயில்ல, தேடுவோம்."

அதைக் கேட்டதும் டீச்சரின் முகம் மாறியதை மாமனார் தன் ஆயுளுக்கும் மறக்கமாட்டார். அவர் கைப்பையைத் திறந்தார். உள்ளே பூத்துவாலையில் மடித்துச் சுற்றிய ஒரு பொட்டலம். காலையிலிருந்து அவர் விடாமல் பிடித்திருந்தது அதைத்தான். கெட்டுப்போனது என்று நினைத்தும் எறிய மனம் வரவில்லை. தன் குரலில் ஒரு துண்டு அதற்குள்ளும் இருக்கும் என்று எடுத்து வந்திருக்கிறார்.

"பையை நான் அப்பவே கவனிச்சேன்" என்று முணுமுணுத்தார் மாமனார்.

"கவனிச்சீங்க மாமா. ஆனா கேக்கல" என்றாள் மருமகள், குத்தலே இல்லாமல்.

டிஸ்க் சுழன்றது. சத்தமே இல்லாத, ஆரோக்கியமான சுழற்சி. மருமகள் அவசரப்படவில்லை. நல்ல மூன்றையும் முதலில் அப்படியே நகல் எடுத்தாள். அசலைத் தொடாமல் நகல்களை வைத்துத்தான் வேலை செய்தாள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கணவரும் மச்சானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பேச்சில்லாமல் ஒரே பாட்டில் தண்ணீரைப் பங்கிட்டுக் குடித்தார்கள். வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் நேரத்தில், திரையில் ஒரு ஃபோல்டர் திறந்தது. உள்ளே வரிசை வரிசையாகக் கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் அது சொல்லும் வாக்கியமே பெயர்.

மருமகள் ஒன்றைத் தட்டினாள். "எனக்குப் பசிக்குது" என்றது ஒரு குரல். கடைசி வரிசைப் பையனுக்கும் கேட்கிற, கணீரென்ற வகுப்பறைக் குரல்.

போட்டோக்காரர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். கணவர் எழுந்து நின்று அழுதார், மறைக்காமல் அழுதார். அழுகையோடே மருமகளைப் பார்த்துக் கைகூப்பி, "அவளுக்கு உங்ககிட்ட எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலம்மா. அவ மனசுல இப்ப என்ன இருக்குன்னா..." என்று ஆரம்பித்தார்.

டீச்சர் பலகையைத் தேடவில்லை. நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மவுஸைத் தன் பக்கம் வாங்கினார். வரிசையில் மேலும் கீழும் தேடினார். ஓரிடத்தில் நின்று, அழுத்தினார்.

"கொஞ்சம் இருங்க. நான் பேசி முடிச்சிடறேன்."

கணவர் பாதி வார்த்தையில் நின்றார். எத்தனையோ வருடம் கேட்டுக் கேட்டு அடங்கிப் பழகிய குரல் அது. மனைவியைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சரி. சொல்லு" என்றார்.

டீச்சர் அடுத்த வாக்கியத்தைத் தேட ஆரம்பித்தார். நீளமான வரிசை, தேடக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் தேடி எடுக்கும்வரை அந்த அறையில் யாரும், மாமனார் உட்பட, வாயைத் திறக்கவில்லை.