பதினோராவது மூச்சு

பத்து முறை இழுத்து முடித்துக் கருவியைக் கீழே வைத்துவிட்டாள். பதினோராவது சத்தம் அடுத்த அறையிலிருந்து வந்தது.

டக்.

எண்ணிக்கையில் தான்தான் தவறிவிட்டோம் என்று நினைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நிமோனியா இரண்டு நுரையீரலையும் அடைத்து, ஐந்து நாள் நினைவே இல்லாமல் போட்டு, பிழைத்துப் போ என்று விட்டுவிட்டுப் போன உடம்பு. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை போய்ப் பார்க்கிறவளுக்குப் பத்துக்கும் பதினொன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனால் அதிசயமில்லை. ஆனால் அடுத்த அறையில் யாரும் இல்லை. அது அவள் புருஷனுடைய அறை. அவர் போய் ஒரு மாதமாகிறது.

மூச்சுப் பயிற்சிக் கருவி என்பது பெரிய விஷயமில்லை. கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் பெட்டி, அதில் மூன்று குழாய்கள், குழாய்க்கு ஒரு பந்து. பெட்டியிலிருந்து நீளும் டியூபை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். நிறுத்தினால் டக்கென்று விழும். தினமும் மூன்று வேளை, வேளைக்குப் பத்து முறை. அன்று காலையில்தான் முதன்முறையாக அவள் மூன்று பந்தையும் தூக்கியிருந்தாள். அதைச் சொல்லிச் சந்தோஷப்பட வீட்டில் ஆள் இல்லாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

இப்போது மதியம் மூன்று மணி. கீழ் வீட்டு வாஷிங் மெஷின் சுற்றும் முனகல், குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் சலசலப்பு, ஜன்னல் திரையின் வளையங்கள் கம்பியில் உரசும் கீச்சு, இவற்றுக்கு நடுவே மூடிய கதவுக்குப் பின்னால் காற்றை யாரோ சிரமப்பட்டு உறிஞ்சுவது போன்ற ஒரு நீண்ட இழுப்பு. அதன் முடிவில் மறுபடியும் ஒரே ஒரு பந்து விழும் சத்தம்.

பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்ற சந்தோஷம். அப்புறம்தான் பயம் வந்தது.

காரணம் இருந்தது. இருவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டு, ஒரே வார்டில், ஒரு திரைக்குள் அடுத்தடுத்த கட்டில் கிடைத்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷம் இருட்டுக் குழிகளில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிய மனிதர். அவருக்கு அந்த வார்டின் கோடியிலிருந்த தீவிர சிகிச்சைக் கண்ணாடி அறையைக் கண்டால் மட்டும் குலை நடுங்கியது. உள்ளே போனவர்கள் யாரும் நடந்து திரும்பியதை அவர் பார்க்கவில்லை. தினமும் சாயங்காலம் நர்ஸ் வருவாள். இருபது கட்டிலுக்கு ஒருத்தி. திரைக்கு வெளியே நின்று பந்து விழும் சத்தத்தைக் கேட்டு எண்ணிக்கையை எழுதிக்கொண்டு போவாள். ஒன்றுகூடத் தூக்க முடியாதவர்களுக்கு மறுநாள் கண்ணாடி அறை.

அவரால் ஒன்றுகூடத் தூக்க முடியவில்லை. "என்னை அங்க அனுப்பிடாத," என்றார். அவள் எட்டி அவருடைய டியூபைத் தன் வாயில் வைத்து இழுத்தாள். இரண்டு பந்து விழுந்தது. நர்ஸ் இரண்டு என்று எழுதினாள்.

இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் அவள். வராத பையனுக்கு இன்னொருவன் குரல் கொடுத்தால் கையும் களவுமாகப் பிடித்து வாசலில் நிற்க வைத்தவள். அதே டீச்சர் நான்கு சாயங்காலம் புருஷனுக்காகப் பொய் ஆஜர் கொடுத்தாள். ஐந்தாம் நாள் விடியற்காலையில் அவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்கே அவளுக்கும் நினைவு தப்பியது. கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைசியாக முகம்கூடப் பார்க்கவில்லை. நாலு நாள் முன்னாலேயே அந்த அறைக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவள் டாக்டரிடம் கேட்கவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

வீட்டில் அந்தச் சத்தம் கேட்ட மறுநாள் காலை அவளால் இரண்டு பந்துதான் தூக்க முடிந்தது. அடுத்த அறையில் இரண்டு விழுந்தது.

கதவைத் திறந்தாள். வெயில் கட்டில்மேல் சதுரமாக விழுந்திருந்தது. மெஷின் எண்ணெயும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த வாசனை. மேஜைமேல் அவருடைய கருவி, ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையில், மகள் போட்ட முடிச்சு அவிழாமல் இருந்தது. பையின் உட்புறம் ஆவி படிந்து வெளுத்திருந்தது. முடிச்சை அவிழ்த்து டியூபின் முனையைத் தொட்டாள்.

ஈரம். இளஞ்சூடு.

அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாயங்காலம் சத்தம் அலமாரிக்குள்ளிருந்து வந்தது.

வியாழக்கிழமை பயிற்சிக்காரர் வந்தார். வாரம் இருமுறை வந்து மூச்சைப் பரிசோதிக்கிறவர், வாய் ஓயாமல் பேசுகிறவர். அன்று அவள் இழுத்ததைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்.

"என்ன டீச்சர், மூணு தூக்கினேன்னு போன்ல சொன்னீங்க. ஒண்ணுகூட முழுசா ஏறலையே. செய்யாமலே செஞ்சேன்னு ஏமாத்துறீங்களா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒருத்தர் மூச்சை இன்னொருத்தர் இழுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். முடிந்தால் தன் பிழைப்பே போய்விடும் என்று சிரித்தார் அவர். ஆனால் போகும்போது சிரிக்கவில்லை. திங்கட்கிழமையும் இப்படியே இருந்தால் மறுபடி ஆஸ்பத்திரிதான், தனியாக இருக்க வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை மகள் வருகிறாள். டிக்கெட் எடுத்தாயிற்று. அம்மாவைத் தன் ஊருக்கே கூட்டிப்போய்விடுவாள். இரண்டு நாள். இன்னும் இரண்டே நாள் மூச்சு விட்டால் போதும்.

அன்று வெளிச்சம் குறைகிற நேரத்தில், சுவரைப் பிடித்துப் பிடித்து, நாலடிக்கு ஒருமுறை நின்று, அவருடைய அறைக்குப் போனாள். அலமாரியைத் திறந்து கருவியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போய் ஓய்ந்தது.

"நான்தாங்க இழுத்தேன்," என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. "நீங்க கேட்டீங்கன்னு செஞ்சேன். தப்புதான். பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். என்னை விட்டுடுங்க. நான் அவகூடப் போகணும்."

அறை அப்படியே இருந்தது.

டியூபின் முனை கட்டிலில் கிடந்தது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை.

ஒரு பந்து மெதுவாக ஏறியது.

இரண்டாவது.

அவள் நெஞ்சுக்குள் ஏதோ இழுபட்டது. உள்ளிருந்து. வாய்வழியே.

மூன்றாவதும் ஏறியது. விழவில்லை. மூன்றும் உச்சியிலேயே நின்றன.

அவள் மடியில் போன் ஒலித்தது. மகள். விரல் எப்படியோ பச்சை வட்டத்தைத் தொட்டுவிட்டது. காதில் வைத்தாள். வாயைத் திறந்தாள். காற்று உள்ளே போகவில்லை. குரல் வெளியே வரவில்லை.

"அம்மா? பேசாதம்மா, பேசினா மூச்சு வாங்கும். பயிற்சிக்காரர் போன் பண்ணாரு, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. சும்மா இழுத்து விடு. நான் கேக்கறேன்."

அவள் இழுத்தாள். ஒன்றும் இல்லை. கண் முன்னால் கறுப்புப் புள்ளிகள்.

போனுக்கும் காதுக்கும் பக்கத்தில், தோளுக்குப் பின்னாலிருந்து, ஒரு மூச்சு உள்ளே போனது. நீளமாக. ஆழமாக. நல்ல நெஞ்சின் மூச்சு. நிதானமாக வெளியே வந்தது.

மறுமுனையில் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு மூச்சு. இன்னொன்று.

மகள் அழுதாள். நிம்மதியில் வரும் அழுகை.

"எவ்வளவு நல்லா இழுக்கறம்மா. அந்த மனுஷன் சும்மா பயமுறுத்திட்டாரு. இங்க ஆபீஸ்ல லீவு தரமாட்டேங்கறாங்க, எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். அப்போ டிக்கெட்ட அடுத்த மாசத்துக்கு மாத்திடறேன். சரியாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று. இல்லை. இல்லை.

"சரி, படுத்துத் தூங்கு," என்றாள் மகள். போன் அணைந்தது.

அறை இருட்டிவிட்டது. அவள் நெஞ்சு அசையவில்லை. காதோர முடி மட்டும் அசைந்தது. உள்ளே. வெளியே. உள்ளே.