தேவயானி வீட்டுத் தண்ணீர்

தேவயானி வீட்டு ஓடுகளின் சந்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

கரையை வெட்டிவிட்டு வந்து வெகுநேரமாயிற்று. காட்டு ஓடை அப்படியே திரும்பி அந்தப் பள்ளத்து வீட்டுக்குள் பாய்ந்ததைப் பூவிழி கண்ணால் பார்த்திருந்தாள். இப்போது ஜன்னல் முக்கால்வாசி முழுகிவிட்டது. அந்தத் தண்ணீருக்குள் அடுப்பு எப்படி எரியும்? ஆனாலும் இவ்வளவு மழையிலும் புகை கலையாமல், அவசரமில்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. வெங்காயம் வதங்கும் வாசனைகூட ஈரக்காற்றில் ஏறி வந்தது.

தேவயானி அவளுக்கு ஓரகத்தி. புருஷன் வெற்றிச்செல்வனின் அண்ணன் மனைவி. அண்ணன் காப்பித் தோட்ட வேலைக்கு மலையிறங்கி வெளிமாநிலம் போனதிலிருந்து மகள் நதியாவோடு தனியாக இருந்தாள். கார்த்திகையில் ஓடை பெருகினால் முன்பெல்லாம் முழுகியது அவள் வீடுதான். போன வருஷம் வெற்றிச்செல்வன் தனியாளாகக் கல் சுமந்து, மண் அணைத்து அந்த வீட்டுக்கு மேலே கரை போட்டான். கரையில் முட்டிய வெள்ளம் பூவிழியின் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

"அங்க கொயந்த இருக்குது. நமக்கு இன்னா, ரெண்டு பேர்தான," என்றான்.

குழந்தை இல்லாத வீட்டில் அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்று அவன் யோசிக்கவில்லை.

இந்தப் புயல் மழையிலும் அதே கதைதான். சாமை மூட்டை ஊறிப் புளித்த நாற்றமெடுத்தது. பாய், போர்வை எல்லாம் நனைந்து கனத்தன. ராத்திரி முழுக்க முட்டியளவு தண்ணீரில் நின்று, விரல்கள் வெளுத்துச் சுருங்க, சட்டி சட்டியாக மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிரே தேவயானியின் காய்ந்த வாசலில் விளக்கு எரிந்தது. நதியா எதற்கோ சிரித்தாள்.

மத்தியானம் வெற்றிச்செல்வன் போன் செய்தான். தார்ப்பாய் வாங்க ஜமுனாமரத்தூர் போயிருந்தவன். ரோட்டில் மரம் சாய்ந்து பஸ் நின்றுவிட்டதாம்.

"அண்ணி வூட்ல தண்ணி ஏறிச்சா?"

"இல்ல."

"நதியா?"

"நல்லாத்தான் இருக்கா."

"செரி, நான் நடந்தே வர்றேன்."

நம்ம வீடு எப்படி இருக்கிறது, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பான் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அது எப்போதோ அடங்கிப்போயிருந்தது.

மண்வெட்டியை எடுத்தாள்.

ஊறிய கரை சுலபமாக இளகிற்று. நனைந்த துணியும் அழுகிற குழந்தையுமாகத் தேவயானி இவள் வாசலுக்கு ஓடி வருவாள். 'உள்ள வாங்கக்கா' என்று இவள் சொல்வாள். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து நினைத்தே வெட்டினாள்.

யாரும் ஓடி வரவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. பூவிழி வீட்டுத் தண்ணீர் முழுக்க வடிந்து, தரையில் வழவழவென்று சேறு மட்டும் மிச்சமிருந்தது. கதவைப் பிடித்தபடி நின்றாள். மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. தட்டில் கரண்டி தட்டும் சத்தம். நதியாவின் சிரிப்பு. அதோடு ஓர் ஆணின் சிரிப்பு, தாழ்ந்து, தொண்டைக்குள்ளேயே உருளும் சிரிப்பு.

அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவளிடம் அப்படிச் சிரித்திருக்கிறான்.

வந்துவிட்டானா? வந்து, நேராக அங்கேயா?

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பிறகு மார்புக்கு. செம்மண் குழம்பாக இழுத்தது. சுவரைப் பிடித்து, ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அங்கே இழுப்பே இல்லை.

கலங்கலும் இல்லை. ஜன்னலை ஒட்டிய தண்ணீர் கோடைக் கிணறு மாதிரித் தெளிந்திருந்தது. உள்ளே, அடியில், வெளிச்சம்.

குனிந்து பார்த்தாள்.

விளக்கு எரிந்தது. அடுப்பு எரிந்தது. தரையில் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தேவயானியின் கூந்தல் மேல்நோக்கி மெல்ல அலைந்தது. நதியா வெற்றிச்செல்வனின் மடியில் இருந்தாள். வாங்கி வந்த தார்ப்பாய்ச் சுருள் இன்னும் அவன் தோளிலேயே இருந்தது. தட்டிலிருந்து சோற்றுப் பருக்கைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே வந்தன. ஜன்னல் கம்பியில் ஒட்டின.

"யோவ்!" என்று கத்தினாள். வாயில் தண்ணீர் புகுந்தது.

அடியிலிருந்து அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"யாரு அண்ணி, வெளிய?"

"யாருமில்ல தம்பி. நீ சாப்புடு."

தேவயானி ஒரு கவளத்தை உருட்டி அவன் வாயில் வைத்தாள். தன் கையால். அவன் வாயில்.

பூவிழி கம்பிக்குள் கையை விட்டாள். தோள்வரை. எட்டியது. அவன் தலைமுடியைப் பற்றி இழுத்தாள். அவன் தலை எந்தப் பாரமும் இல்லாமல் பின்னால் சாய்ந்து வந்தது. முகம் மேலே திரும்பியது. திறந்த கண்கள். அவற்றின்மேல் மெல்லிய மண் படிந்திருந்தது. இமைக்கவில்லை.

தாடை மட்டும் மென்றுகொண்டிருந்தது.

தேவயானி நிமிரக்கூட இல்லை. இடது கையால் அவன் தலையைப் பூவிழியின் பிடியிலிருந்து பதமாக விடுவித்தாள். நிமிர்த்தி வைத்தாள். அடுத்த கவளத்தை உருட்டினாள்.