எந்தப் பக்கத்துக் கண்?

பட்டாணியின் அண்ணனுக்கு ஒரு தெருவிளக்கு மூன்றாகத் தெரிந்தது. மூன்றிலும் வால் போல வெளிச்சம் வேறு நீண்டது. கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டும் சரியாகவில்லை. கடைசியில் கண் டாக்டரம்மா காரணத்தைக் கண்டுபிடித்தார்.

கருவிழியின் மேல் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. அண்ணனுக்கு அது மெலிந்து, கூம்பு போல முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. மருந்து விட்டு ஒளியைப் பாய்ச்சினால், அது மேலும் வளராமல் நிறுத்தலாம். ஆனால் இதுவரை மங்கிய பார்வை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாதாம்.

பிறகு டாக்டரம்மா ஒரு படிவம் கொடுத்தார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா? அப்பா பக்கம் ஒரு கட்டம், அம்மா பக்கம் ஒரு கட்டம்.

அங்கேதான் வினையே ஆரம்பித்தது.

மாடியில் குடியிருக்கும் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, படிவத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதுமே இறங்கி வந்துவிட்டார். "எங்க பக்கத்துல எல்லாருக்கும் கழுகுக் கண்ணு. யாருக்கும் இல்லைன்னு எழுதுண்ணா" என்றார். அம்மா மாமாவுக்குப் போன் செய்தார். மாமாவும் ரோஷமாக அதையேதான் சொன்னார். இரண்டு கட்டங்களிலும் 'இல்லை' என்று எழுதியாயிற்று.

அத்தை அத்தோடு போயிருக்கலாம். வாசலில் நின்று திரும்பி, "எதுக்கும் உங்க பக்கத்துல இன்னொரு தடவை நல்லா விசாரிங்க அண்ணி" என்றார். அம்மா சமையலறைக்குப் போனார். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினார். பட்டாணிக்கு அத்தைமேல் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது பட்டாணி டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டாள். ரெண்டு பக்கமும் இல்லையென்றால் பின்னே எங்கிருந்து வந்தது?

டாக்டரம்மா படிவத்தைப் பார்த்துச் சிரித்தார். குடும்பத்தில் யாருக்குமே தெரியாமல் ஒரு பிள்ளைக்கு மட்டும் வருவதும் உண்டு என்றார். "இது ஒரே ஒரு மரபணு பண்ற வேலை இல்லம்மா. பல மரபணுக்கள் இதுல கொஞ்சம் கொஞ்சம் சேருது. அப்பாகிட்டேருந்து கொஞ்சம், அம்மாகிட்டேருந்து கொஞ்சம் வந்திருக்கலாம். கண்ணை அடிக்கடி கசக்கினா இன்னும் வேகமாகும். யாரும் வேணும்னு குடுக்கிறதில்ல" என்றார். வீட்டில் உள்ள மற்ற பிள்ளைகளையும் சோதித்துவிடுவது நல்லது என்றும் சொன்னார்.

அம்மா தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

அப்பா படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். பட்டாணி அங்கிருந்து ஒரு கறுப்பு அட்டைத் துண்டை எடுத்து, ஊசியால் ஒரு துளை போட்டு, டார்ச் விளக்கின் முகத்தில் ஒட்டினாள். சாயங்காலம் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, திரையை இழுத்துவிட்டாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும், தெரிந்ததை வரைய வேண்டும். அண்ணனைப் போல வேறு யாருக்காவது தெரிகிறதா என்று பார்க்கத்தான் இந்த விளையாட்டு.

அப்பா ஒரு புள்ளி வைத்தார். அம்மாவும் ஒரு புள்ளி வைத்தார். அத்தை தன் கழுகுக் கண்ணால் முறைத்துப் பார்த்து, புள்ளியை அழுத்தி வைத்ததில் தாளே கிழிந்தது. அண்ணன் வாலோடு மூன்று வரைந்தான்.

அத்தையின் மகன் ரேடியோவுக்குப் பன்னிரண்டு வயது. ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். அவன் வலது கண்ணை மூடிக்கொண்டு, வாலோடு ஒரு புள்ளி வரைந்தான். தன் அம்மாவின் தாளை எட்டிப் பார்த்தான். சட்டென்று வாலை ரப்பரால் அழித்தான்.

பட்டாணி மட்டும் அதைப் பார்த்துவிட்டாள்.

மாடிப்படியில் அவனைப் பிடித்தாள். அவன் இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே நின்றான். பிறகு, "அம்மாகிட்ட சொல்லிடாத. எங்க பக்கத்துல இல்லவே இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. அவங்களுக்கு அவமானமாயிடும்" என்றான்.

அத்தையை மடக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பட்டாணிக்கு அந்த ஆசை ஒரு நிமிடம் வந்ததும் உண்மைதான். ஆனால் ரேடியோவின் சிவந்த கண்ணைப் பார்த்ததும் அது போய்விட்டது. அண்ணனைப் போல இவனும் தாமதித்துவிட்டால்?

"நான் சொல்லமாட்டேன். ஆனா நீ என்கூட டாக்டர்கிட்ட வரணும். அதுவரைக்கும் கண்ணைக் கசக்கக் கூடாது" என்றாள்.

நேரே அத்தையிடம் போனாள். எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள், தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது, ரேடியோவும் வரட்டுமா என்று கேட்டாள். பயம் பொய் இல்லை. அவளும் அதே அண்ணனின் தங்கைதானே. அத்தை யோசிக்காமல், "பயப்படாதடி, நானும் வரேன்" என்றார்.

அம்மாவும் அத்தையும் இரண்டு பேரையும் கூட்டிப் போனார்கள். பட்டாணியின் கண்கள் நன்றாக இருந்தன. ரேடியோவின் இடது கண்ணில் அது ஆரம்பித்திருந்தது.

"ரொம்ப சீக்கிரமே கூட்டிட்டு வந்துட்டீங்க. பார்வை இன்னும் நல்லா இருக்கு. இதோட நிறுத்திடலாம்" என்றார் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் அத்தை இடிந்துபோய் உட்கார்ந்தார். "என்னாலதான் அண்ணி. எங்க பக்கம்தான். நான்தான் வாய் கூசாம உங்களச் சொன்னேன்" என்று அழுதார்.

பட்டாணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும் வேணும்னு குடுக்கிறதில்லம்மா" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அம்மாவே அதை நம்பினார் என்று பட்டாணிக்குத் தோன்றியது.

"இவனுக்கு வைத்தியம் பண்ற அன்னிக்கு நீங்க கூட இருப்பீங்களா அண்ணி? எனக்குத் தனியா பயமா இருக்கு."

"இதைக் கேக்கணுமா? ரெண்டு பிள்ளைக்கும் ஒரே நாள்ல பண்ணுவாங்களான்னு வா, கேட்டுட்டு வருவோம்" என்று அம்மா எழுந்தார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடவே நடந்தார்.