சப்பரம் தூக்கியவர்களின் முட்டை

இந்தக் கதையில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளி அடித்துச் சொல்லலாம். ஏரி வற்றிக் கிடந்தால் மண்ணை அள்ளியாவது சொல்லலாம்.

வெண்ணந்தூர்ப் பக்கம் ஓர் ஊர். சுற்றிலும் கோழிப்பண்ணைகள். அந்த ஊரில் எல்லோருக்கும் எப்போதும் அசதி. சேவல்கூட விடிகாலையில் பாதி கூவிவிட்டு, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிடும்.

எல்லோரையும்விட அதிக அசதி ஆன்சியின் அப்பா சகாயராஜுக்குத்தான். ராத்திரி முழுக்கப் பண்ணையில் முட்டை லோடு ஏற்றுவார். ஒரு தடவை கையில் முட்டை அட்டையோடு லாரிக்குள் நின்றபடியே தூங்கிப்போனார். லாரி கிளம்பிவிட்டது. ஓமலூரில் கதவைத் திறந்தபோதும் அப்படியே நின்றுகொண்டிருந்தார். ஒரு முட்டைகூட விரிசல் விடவில்லை.

விடிந்ததும் வீட்டுக்கு வருவார். பண்ணையில் இனாமாகக் கொடுக்கிற கீறல் முட்டையை டம்ளரில் உடைத்து ஊற்றி, பச்சையாக ஒரே மடக்கில் குடிப்பார். "உடம்புக்குத் தெம்பு," என்பார். அப்புறம் படுத்துவிடுவார்.

மாதம் ஒரு முறையாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடுவார். காய்ச்சல் வரும். கால் துவளும். போன தெம்பு திரும்ப வர வேண்டுமே? அதற்காக இரண்டு பச்சை முட்டை கூடுதலாகக் குடிப்பார். மறுபடி ஓடுவார்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஆன்சிக்கு இதைப் பார்த்துப் பார்த்தே களைப்பாக இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. போன வருஷம் மாதா கோவில் திருவிழாவில் நடந்ததைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

சப்பரத்தின் முன்கொம்பை அப்பாதான் தோளில் தாங்கினார். கொடியேற்றிய நாளிலிருந்து சப்பரம் தூக்குகிறவர்கள் எல்லோரும் ஒரே வாளியில் பச்சை முட்டையை அடித்துக் குடிப்பது அந்த ஊர் வழக்கம். தேர் நாளன்று பாதித் தெருவில் அப்பா முகம் கோணியது. கொம்பைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். சோளக்காட்டுக்குள் மறைந்தார். பின்னாலேயே இன்னும் சிலர் மறைந்தார்கள்.

சப்பரத்தை நடுத்தெருவில் பெஞ்சு மேல் இறக்கி வைத்தார்கள். போனவர்கள் திரும்பி வரும்வரை பேண்டுக்காரர்கள் ஒரே பாட்டை வாசித்தார்கள். வேப்பமரத்துக் காக்கைகள் அந்த மெட்டைக் கற்றுக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இன்றைக்கும் அவைதான் முதலில் பாடுகின்றன.

"இந்தத் தடவையும் ஓடுனா முன்கொம்பு எனக்கு," என்று சப்பரத்துக்குப் பின்னால் குடை பிடித்து வருகிற மிக்கேல் மாமா சொல்லிவிட்டார். "சகாயம், நீ பின்னாடி குடை புடிச்சுட்டு வா. ஓடறதுக்கும் வசதி."

அப்பா எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆன்சி அதைப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சேலத்திலிருந்து டாக்டர் மஞ்சுளா வந்தார். முட்டை லோடு ஏற்றுகிறவர்களுக்குச் சாப்பாட்டிலிருந்து என்ன கிருமி தொற்றுகிறது, எந்தச் சாப்பாடு ரத்தக்குழாய்களை நன்றாக வைத்திருக்கிறது என்று ஆராய்ச்சி. சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் மூடி போட்ட குட்டி டப்பா கொடுத்தார். காலையில் வெளிக்குப் போவதில் கொஞ்சம் அதில் கொண்டுவர வேண்டும்.

யாரும் கொண்டுவரவில்லை. டப்பாவை மட்டும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பண்ணையில் வேலை செய்கிற மாரக்காள் அதில் மூக்குப்பொடி வைத்துக்கொண்டார். மிக்கேல் மாமா மரியாதை தெரிந்தவர். வெறும் டப்பாவைத் திருப்பித் தரக் கூடாது என்று எலுமிச்சை ஊறுகாய் நிரப்பிக் கொடுத்தார்.

டாக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஆன்சி அருகில் போய் நின்றாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, தலை வலிக்குதுங்களா?"

"அசதி, பாப்பா. இதுவரைக்கும் வந்ததெல்லாம் ஊறுகாய்தான்."

"எங்கப்பாவோடதை நான் வாங்கித் தாரேன். அசிங்கம்னு சொல்ல மாட்டீங்கல்ல?"

"அதுக்காகத்தாம்மா இத்தனை வருஷம் படிச்சேன்."

அப்பா கொடுத்துவிட்டார். மறுப்பதற்கும் தெம்பு வேண்டுமே.

அடுத்த வாரம் டாக்டர் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "உங்க வயித்துல இருக்கறது சால்மோனெல்லாங்கிற கிருமி. கோழி எச்சத்துல இருக்கும். ஓட்டுல ஒட்டும். கீறல் வழியா உள்ளே போயிடும். சில சமயம் ஓடு நல்லா இருந்தாலும் உள்ளே இருக்கும். முட்டையை நல்லா வேக வெச்சா செத்துப்போகும்."

பிறகு கையில் பட்டையைக் கட்டி, இறுக்கி, தளர்த்தி, ஒரு மிஷினைப் பார்த்தார். "ரத்தக்குழாய் கொஞ்சம் விறைப்பா இருக்கு. லாரிக்கு அடியில பழைய ரப்பர் ஹோஸ் பாத்திருப்பீங்களே, அந்த மாதிரி ஆயிடக் கூடாது. உப்பைக் குறைங்க. கீரை, காய், கடலை சேத்துக்கங்க."

"சரிங்க," என்றார் அப்பா. மறுநாள் காலையில் டம்ளரை எடுத்தார்.

ஆன்சி எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நெசமாச் சொல்லுங்க. பச்சை முட்டை ருசியா இருக்குதுங்களா?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"எவனுக்குச் சாமி ருசிக்கும்? மூக்குச்சளி மாதிரி இருக்குது."

"அப்புறம் ஏன் குடிக்கறீங்க?"

"உங்கம்மா மில்லு ஷிப்ட்டுக்குப் போயிடறா. எனக்கு அடுப்புப் பத்தவெக்கத் தெம்பு இல்ல. இதுக்கு வாயைத் தொறந்தாப் போதும்."

இத்தனை நாளும் இதை அப்பாவிடம் யாரும் கேட்டதில்லை என்று ஆன்சிக்குத் தோன்றியது.

மறுநாள் அம்மா ஜோஸ்லின் ஷிப்ட்டுக்குக் கிளம்பும் முன்பே ஆன்சியும் எழுந்துவிட்டாள். இருவரும் சேர்ந்து நல்ல முட்டையாகப் பார்த்து அவித்தார்கள். அப்பா வந்தபோது தட்டில் உரித்த முட்டையும் முருங்கைக்கீரைப் பொரியலும் இருந்தன. டம்ளர் அலமாரி உச்சியில் இருந்தது. எடுக்க வேண்டுமென்றால் ஸ்டூல் போட வேண்டும். ஸ்டூல் போட அப்பாவுக்குத் தெம்பு இல்லை. இருந்ததைச் சாப்பிட்டார்.

தினமும் இப்படியே நடந்தது. அப்பா கொல்லைப் பக்கம் ஓடுவது நின்றது.

திருவிழாக் கொடி ஏறியது. வாளியும் வெளியே வந்தது. மற்றவர்களும் லோடு ஏற்றிக் களைத்து வருகிறவர்கள்தானே என்று ஆன்சி யோசித்தாள். பண்ணை மேஸ்திரி ஆரோக்கியத்திடம் போனாள்.

"மாமா, சப்பரம் தூக்கறவங்களுக்குக் கீறல் வேண்டாமுங்க. முழு முட்டை குடுங்க."

"எதுக்குச் சாமி?"

"மாதாவைப் பாதித் தெருவுல விட்டுட்டு யாரும் ஓடாம இருக்கறதுக்கு."

அவருக்குப் போன வருஷம் ஞாபகம் வந்தது. ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். தினமும் கொடுத்தார்.

மாலையில் எல்லோரும் வந்து சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்ததும், ஆன்சி ஒவ்வொருவர் கையிலும் தட்டைக் கொடுத்தாள். அவித்த முட்டை, கீரை, ஒரு பிடி வேர்க்கடலை.

"வாளி எங்க?" என்றார் மிக்கேல் மாமா.

"அந்த மூலையில இருக்குதுங்க மாமா. போய் எடுத்துக்கங்க."

மிக்கேல் மாமா மூலையைப் பார்த்தார். கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"நாளைக்குப் பாக்கலாம்," என்றார். எல்லா நாளும் அதையே சொன்னார்.

தேர் நாள் வந்தது. அப்பா முன்கொம்பைத் தோளில் வைத்தார். சோளக்காடு வந்ததும் சட்டென்று நின்றார். பேண்டு நின்றது. ஊரே அவரைப் பார்த்தது. மிக்கேல் மாமா இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"என்னங்கப்பா?" என்றாள் ஆன்சி.

"ஒண்ணுமில்ல சாமி. தோள் மாத்தறேன்."

அதற்கப்புறம் அவர்கள் நடந்த வேகத்தில் பேண்டு பின்தங்கிவிட்டது. காக்கைகள்தான் கூடவே பறந்து பாட்டை முடித்துவைத்தன. வாணக்காரர் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சப்பரம் கோவிலுக்குத் திரும்பிவிட்டது. வெகுநேரம் கழித்து மிக்கேல் மாமா குடையோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

"அடுத்த வருஷமும் கொம்பு உனக்குத்தாண்டா," என்றார். "என்னால ஓட முடியாது."

அப்பா கோவில் படியில் உட்கார்ந்த மாதிரியே தூங்கிப்போனார். ஒரு கை மட்டும் கொம்பைப் பிடித்த மாதிரி தோளருகே நின்றது. ஆன்சி அந்தக் கையை மெல்ல இறக்கி மடியில் வைத்தாள். பிறகு அவளும் சாய்ந்துகொண்டாள்.

தண்ணீரை அடித்துச் சொன்ன சத்தியம்தானே, இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த ஊர்ச் சப்பரத்தை முதல் திருவிழாவிலிருந்தே டிராக்டர்தான் இழுத்துக்கொண்டு போகிறது.