ஒன்றாம் கூண்டிலிருந்து வெளியே போகும் வழி

அந்தப் பெண் நாற்காலியில் உட்காரவே இல்லை. மூன்று முறை சொல்லிப் பார்த்தாயிற்று. கைப்பையின் வாரை முறுக்குவதும், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும், ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பதுமாக இருந்தாள். பார்க்கிறவர்களுக்கே கால் வலித்தது.

"நாலு மணிக்கு விசாரணை சார். அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க. இல்லேன்னா என் வீட்டுக்காரரோட ஜாக்கி லைசென்ஸ் போயிடும். முப்பத்தெட்டு வயசாச்சு. குதிரைமேல உக்கார்றதைத் தவிர அவருக்கு வேற ஒண்ணும் தெரியாது. வெந்நீர் வைக்கச் சொன்னாக்கூடப் பாத்திரத்தைக் கருக்கிடுவார்."

மேஜைக்குப் பின்னால் இருந்தவரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் அப்படித்தான். வீடு தீப்பிடித்தால்கூடச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். பக்கத்தில் நின்றவர் அவர் மனைவியின் தம்பி. இன்சூரன்ஸ் வேலையை உதறிவிட்டு அக்காள் புருஷனோடு துப்பறிய வந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆசாமிக்கு வாய் முந்தும், கால் அதற்கும் முந்தும்.

"ஞாயித்துக்கிழமை நாலாவது ரேஸ்ல குதிரையை இழுத்துப் பிடிச்சுத் தோத்தாருன்னு பேப்பர்ல வந்ததே, அவரா?" என்றார் மைத்துனர்.

அவள் முகம் சுருங்கியது. நிதானம் மைத்துனரைப் பார்த்த பார்வையில், அவர் வாயை மூடிக்கொண்டார்.

"நடந்ததை வரிசையாச் சொல்லும்மா. மணி பத்தரைதான் ஆகுது."

அவள் சொன்னாள். அவர் ஓட்டிய பெண் குதிரை ஒரு பல் டாக்டரம்மாவுடையது. அதுதான் ஜெயிக்கும் என்று ஊரே நம்பியிருந்தது. குதிரைகள் புறப்படும் கூண்டுகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அதற்கு ஒன்றாம் கூண்டு விழுந்தது. "உள்வேலியை ஒட்டின கூண்டு சார். வளைவுல தூரம் மிச்சம். இந்த மைதானத்துல ஒண்ணாம் கூண்டு கிடைச்சா பாதி ஜெயிச்ச மாதிரி. அது எப்பவும் முதல்லயே பாஞ்சு முன்னாடி ஓடுற குதிரை வேற. பயிற்சியாளரும் அப்படியே ஓட்டு, வேலியை விடாதேன்னுதான் சொல்லியிருக்கார். இவர் கதவு திறந்ததும் கடிவாளத்தைப் பிடிச்சுக் கடைசிக்கு வந்துட்டார். அப்புறம் எல்லாருக்கும் வெளிப்பக்கமாச் சுத்திக்கிட்டு வந்து, ஒரு குதிரைக் கழுத்து வித்தியாசத்துல தோத்தார்."

"ஏன்னு கேட்டியா?"

"மூணு நாளாக் கேக்கறேன். 'என் தப்புதான், விடு'ன்னு ஒரே பதில். சாப்பிடறதில்ல. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துக்கிட்டே இருக்கார்."

நிதானம் பேனாவை மூடினார். "உன் வீட்டு ஆளுங்க யாராவது அந்த மைதானத்துல வேலை பாக்கறாங்களா?"

அவள் முதல் முறையாக நின்றாள். "என் தம்பி. புல்லுக்குத் தண்ணி விடுற வேலை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது, கேட்டேன். தன் தப்பை மறைக்கிறவன் நூறு காரணம் சொல்லுவான். உன் வீட்டுக்காரர் ஒண்ணுகூடச் சொல்லலை. அப்படின்னா அவர் வேற யாரையோ மறைக்கிறார். வா, போவோம்."

மைதானத்துக்கு ஆட்டோவில் இருபது நிமிஷம். அதற்குள் மைத்துனர் நான்கு குற்றவாளிகளைக் கண்டுபிடித்துவிட்டார். அதில் ஒருவர் பல் டாக்டரம்மா. நிதானம் எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டிவிட்டு, இறங்கியதும் அவரை அலுவலகப் பக்கம் அனுப்பினார். "அறிவிப்புப் பலகையில ஞாயித்துக்கிழமை சமாசாரம் என்னென்ன ஒட்டியிருக்கோ, ஒரு எழுத்து விடாம எழுதிக்கிட்டு வா மாப்ளே. கூண்டு நம்பர் முக்கியம்."

அவளுடைய தம்பி கடைசி நேர்பாதையில் ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அக்காளைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டான்.

நிதானம் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. குடையின் முனையைப் புல்லில் ஊன்றி ஊன்றி நடந்தார். தடத்தின் நடுவில் முனை இறங்கவே இல்லை. உள்வேலிக்கு ஓர் ஆள் நீளத்துக்குள் வந்ததும், விரல் அளவு சுலபமாக இறங்கியது. மூன்று நாள் வெயிலுக்குப் பிறகும் அடியில் ஈரம். மேலே புதுமணல் தூவி, உருளை ஓட்டியிருந்தார்கள். வளைவு முடியும் இடத்திலிருந்து கடைசி வரைக்கும் அந்த ஈரப்பட்டை வேலியோடு போயிற்று.

"மணல் நீ போட்டதா?"

அவ்வளவுதான், பையன் உடைந்துவிட்டான். பையன் என்றால் முப்பது வயது, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். "நான்தான் சார், ரேஸெல்லாம் முடிஞ்சப்புறம். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தரையை அளந்து பார்த்தேன். எல்லா இடமும் கெட்டியா, காஞ்சு இருந்தது. அப்படியே ரிப்போர்ட்டும் எழுதிக் குடுத்தேன். தண்ணி வால்வைச் சரியா மூடாமப் போயிட்டேன் போலிருக்கு. காலைல ஆறு மணிக்கு மாமா தடத்துல நடந்து பார்க்க வந்தவர், என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேல புல்லு பச்சையா அழகா இருக்கு, கால் வெச்சா அமுங்குது. எனக்கு ஏற்கனவே ஒரு மெமோ இருக்கு சார். இன்னொண்ணு வந்தா வேலையும் போச்சு, குடியிருக்கிற குவார்ட்டர்ஸும் போச்சு. மாமா காலைப் பிடிச்சுக்கிட்டேன். 'நான் யார்கிட்டயும் சொல்லலை மச்சான், எழுந்திரு'ன்னார்."

அக்காள் தம்பியை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிதானம் குனிந்து, வேலியோரத்தில் தரைக்குச் சமமாகப் புதைத்திருந்த, தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் தலை ஒன்றைத் தடவினார். "இது எப்படிச் சுத்தும்?"

"முழு வட்டமா சார். தடத்தோட அகலம் பூரா நனையும்."

"அப்ப வால்வு திறந்திருந்தா முழுத் தடமும்தானே நனைஞ்சிருக்கணும்? வேலியோரம் மட்டும் ஏன் நனைஞ்சுது?"

அவனும் குனிந்தான். நிதானம் ஸ்பிரிங்ளரின் கழுத்தைக் காட்டினார். பச்சைப் பெயின்ட் வெடித்து, உள்ளே உலோகம் புதுசாக மின்னியது. அடுத்ததிலும் அப்படியே. வரிசையாக எட்டுத் தலையிலும் அப்படியே இருந்தது. எதிர்ப்பக்க வரிசையில் பெயின்ட் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

"யாரோ ஸ்பேனர் வெச்சுத் தலையைச் சுத்த விடாம, வேலியோரமே அடிக்கிற மாதிரித் திருப்பியிருக்காங்க. வேலை முடிஞ்சதும் பழையபடி திருப்பிட்டாங்க. வால்வை மூட மறக்கலாம் தம்பி. ஸ்பேனர் எடுத்து எட்டுத் தலையைத் திருப்ப யாரும் மறதியால போகமாட்டாங்க. வால்வுச் சாவி எங்கே இருக்கும்?"

"பம்ப்செட் கொட்டகை வாசல்ல ஆணியில. எல்லாருக்கும் தெரியும்." அவன் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். "அப்ப நான் மறக்கலையா சார்?"

மைத்துனர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் நான்கு தாள்.

"மாமா, ஆறு ரேஸ். ஒண்ணு, ரெண்டு, மூணாம் கூண்டுல இருந்து வேலியோரமா ஓடின ஒரு குதிரைகூட முதல் நாலுல வரலை. ரெண்டாவது ரேஸ்ல வேலியோரம் வந்த குதிரை வளைவு முடியற இடத்துல சறுக்கி, ஜாக்கி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிஞ்சிருக்கு. உள்பக்கக் கூண்டுல இருந்து ஜெயிச்சது ஒரே ஒரு குதிரை. முதல் ரேஸ். அதுவும் கடைசிக்கு வந்து வெளிப்பக்கமாச் சுத்தித்தான் ஜெயிச்சிருக்கு. யாரு குதிரை தெரியுமா?"

"வேலியை விடாதேன்னு சொன்ன பயிற்சியாளரோட சொந்தக் குதிரை," என்றார் நிதானம்.

மைத்துனரின் முகம் தொங்கிப்போயிற்று. "நான் எதுக்கு ஓடினேன்?"

"நேரத்துக்காக மாப்ளே. அந்த முதல் ரேஸ் அறிவிப்பு என்னிக்கு, எத்தனை மணிக்குக் குடுத்தது? அதைச் சொல்லு, உனக்கு நான் மாலை போடறேன்."

மைத்துனர் மூன்றாவது தாளைப் பார்த்துப் படித்தார். படித்து முடித்ததும் நிதானம் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேகமாக நடக்க ஆரம்பித்தார். அவர் வேகமாக நடந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

விசாரணை அறையில் நீளமான மேஜை. அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட தலைவர். இந்தப் பக்கம் ஜாக்கி, கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, மிதித்த புல் மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டு நாற்காலி தள்ளி, இஸ்திரி கலையாத சட்டையில் பயிற்சியாளர். பின்வரிசையில் பல் டாக்டரம்மா, இரண்டாவது ரேஸில் விழுந்த ஜாக்கி கழுத்தில் மாட்டிய கைத்தூளியோடு, அக்காள், தம்பி. மைத்துனரின் கால் மேஜைக்கடியில் தையல் மெஷின் மிதித்தது.

பயிற்சியாளர் வருத்தத்தோடு பேசினார். "நல்ல பையன் சார். நான்தான் வளர்த்துவிட்டேன். ஆனா சொன்னதைக் கேக்காம, ஒண்ணாம் கூண்டை வீணாக்கிட்டான். எதுக்காகப் பண்ணான்னு அவனே சொல்லட்டும்."

ஜாக்கியின் சார்பில் பேச நிதானத்துக்கு அனுமதி கிடைத்தது.

"ஞாயித்துக்கிழமை காலைல தடத்துல நடந்தீங்களா?"

"ரேஸ் அன்னிக்கு நடக்காம இருப்பேனா? வேலியோரம் கல்லு மாதிரி இருந்தது."

"அப்ப உங்க சொந்தக் குதிரை முதல் ரேஸ்ல இரண்டாம் கூண்டை விட்டுட்டு ஏன் வெளியே சுத்திச்சு? அதுவும் எப்பவும் முன்னாடி ஓடுற குதிரைதானே?"

"புது உத்தி. ஓட்டுற முறையை மாத்தினா முன்கூட்டியே அலுவலகத்துக்கு எழுதிக் குடுக்கணும்னு விதி. முறைப்படி குடுத்திருக்கேன். பலகையில இருக்கு."

"இருக்கு. ரொம்ப ஒழுங்காக் குடுத்திருக்கீங்க." நிதானம் தாளைத் தலைவர் முன்னால் வைத்தார். "அலுவலக முத்திரையோட நேரம் போட்டிருக்கு. சனிக்கிழமை மூணு நாற்பது. பக்கத்துல இருக்கிறது சனிக்கிழமை அஞ்சு மணி தரை ரிப்போர்ட். முழுத் தடமும் காஞ்சு, கெட்டியா இருக்குன்னு சொல்லுது. ஆனா ஞாயிறு காலைல வேலியோரம் மட்டும் ஊறிக் கிடந்தது. இப்பவும் குடையால குத்திப் பார்க்கலாம், ஸ்பிரிங்ளர் கழுத்துல ஸ்பேனர் தடத்தையும் பார்க்கலாம். சனிக்கிழமை மூணு நாற்பதுக்கு அந்த வேலியோரம்தான் மைதானத்துலயே நல்ல இடம். அதுல கிடைச்ச கூண்டை எந்தப் பயிற்சியாளரும் விட்டுக் குடுக்கமாட்டார். ராத்திரி நனையப்போற இடத்தை நீங்க மத்தியானமே ஒதுக்கிட்டீங்க. எப்படித் தெரிஞ்சுது?"

பயிற்சியாளர் தாளைத் தன் பக்கம் இழுத்து முத்திரையைப் பார்த்தார்.

"ஈரம் தெரியாதுன்னா உங்க குதிரையை ஏன் வெளியே அனுப்பினீங்க? தெரியும்னா டாக்டரம்மா குதிரையை ஏன் உள்ளே அனுப்பினீங்க? எது வேணா சொல்லுங்க."

"இன்னொரு தடவை தோத்தா இந்தக் குதிரையை எனக்கே வித்துடுங்கன்னு நாலு மாசமாச் சொல்லிக்கிட்டிருக்கார்," என்றார் பின்னாலிருந்து பல் டாக்டரம்மா. "நானும் சரின்னுட்டேன்."

"அந்த அறிவிப்பை அவர் குடுக்காம இருந்திருக்கலாம்," என்றார் நிதானம். "ஆனா குடுக்கலேன்னா, இன்னிக்கு இந்த நாற்காலியில அவரோட சொந்தக் குதிரையை ஓட்டின ஜாக்கி உக்காந்திருப்பான். அதுக்குப் பயந்துதான் விதியைக் கடைப்பிடிச்சார். இந்த ஜாக்கி விஷயத்துக்கு வர்றேன். ஒண்ணாம் கூண்டுல ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் பத்துக் குதிரை. குறுக்கே வெட்டினா யாராவது விழுவாங்க. வெளியே போக ஒரே வழி, எல்லாரையும் முன்னாடி விட்டுட்டு, பின்னாலயே சுத்திப் போறதுதான். இவர் குதிரையை இழுத்துத் தோற்கடிக்கலை. சேத்துல இருந்து அதைக் காப்பாத்தி, கடைசியில இருந்து ஒரு கழுத்து வித்தியாசத்துக்குக் கொண்டு வந்திருக்கார்."

பயிற்சியாளர் எழுந்தார். "நான் வக்கீலோட வந்து பேசறேன்." தலைவர் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்கார்ந்தார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி ஜாக்கியைப் பார்த்தார். "உங்க மேல இருந்த குற்றச்சாட்டு நிக்காது. ஒரே ஒரு கேள்வி, பதிவுக்காக. வேலியோரம் ஈரம்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

மைத்துனர் நிதானத்தின் காதில் கிசுகிசுத்தார். "கூண்டுக்குப் போகும்போதுதான் கால்ல தட்டுப்பட்டுதுன்னு சொன்னா முடிஞ்சுது மாமா. யாருக்குத் தெரியப்போகுது?"

உண்மைதான். தெரிந்த ஒரே சாட்சி அவர் மச்சான். அவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அக்காள் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜாக்கி திரும்பி, கைத்தூளி போட்டவரைப் பார்த்தார்.

"காலைல ஆறு மணிக்கு," என்றார். "முதல் ரேஸுக்கு எட்டு மணி நேரம் முன்னாடி. நான் வாயைத் திறந்திருந்தா ஈரத்தைத் தாண்டி வேலியை நகர்த்தியிருப்பாங்க. இவன் விழுந்திருக்கமாட்டான்."

ஆறு மாதம் என்று எழுதினார் தலைவர். லைசென்ஸ் ரத்தாகவில்லை, ஆறு மாதம் குதிரை ஏறக்கூடாது.

தாழ்வாரத்தில் அவள் கணவனுக்கு எதிரே வந்து நின்றாள். அழுதுகொண்டுதான் இருந்தாள், மறைக்கவில்லை.

"உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமச் சொல்லிட்டேன்," என்றார் அவர்.

"கேட்டிருந்தா, சொல்லாதீங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதான் திரும்பி உன்னைப் பார்க்கலை."

கைத்தூளிக்காரர் அவர்களைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கம் போனார். தோளிலிருந்து நழுவிய சட்டையை ஒற்றைக் கையால் இழுத்துவிட்டுக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"அண்ணா, நில்லுங்க," என்றாள். "வீட்ல கூடமாட ஒத்தாசைக்கு யாரு இருக்கா?"