சேர்மாபாட் முரசு

காலை ஆறு மணி. பூசாரி சைத்து பகத் முரசு அறையின் பூட்டைத் திறந்தார். முரசு இல்லை.

சேர்மாபாட் மலையின் குடியிருப்புகளுக்கெல்லாம் அந்த முரசுதான் வாய். அது முழங்கினால்தான் ஊர்க்கூட்டம். மலையின் தென்பாதியை பாக்சைட் சுரங்கத்துக்குக் கொடுப்பதா என்று ஊர் கூடிச் சொல்ல வேண்டிய நாள் அன்று. மாட்டோம் என்று சொல்ல எல்லோரும் தயாராக இருந்தார்கள். ஆனால் கூட்டம் தள்ளிப்போய்விட்டதாகச் சுரங்கக் காண்டிராக்டரின் ஆட்கள் விடியும் முன்பே ஜீப்பில் போய்ப் புளுகியிருந்தார்கள். முரசும் கேட்காததால் சனங்கள் நம்பி வயலுக்குப் போய்விட்டார்கள்.

போலீஸ் உதவி ஆய்வாளர் அனிமா டிர்க்கி வந்துசேரும்போது மணி பத்தரை. பக்கத்து மலைக்காரி. அவள் பிறந்த மலையை லாரிகள் அள்ளிக்கொண்டு போய்ப் பல வருஷமாகிறது.

மண்சுவர் அறை. ஒரே கதவு. பூனை நுழையும் அளவுக்கு ஒரு சன்னல். உள்ளே கலப்பைகள், ஒரு காலிக் கூடை, வைக்கோல்மேல் அமர்ந்த இரும்பு அண்டா நிறையக் கேழ்வரகு விதை. தரையில் ஓரிடம் மட்டும் ஈரம்.

"சாவி?"

"என் இடுப்பிலதான். ராத்திரிகூட அவுக்கல."

"நேத்து உள்ள போனது யாரு?"

"ஜகேஷ்வர் மட்டும். அவன்தானே அடிக்கிறவன்? தோல் தளர்ந்திருக்கு, இழுத்துக் கட்டணும்னான். ஒரு குடம் தண்ணி கேட்டான், கொடுத்தேன்."

"நீங்க?"

"வாசல்ல உக்காந்து பீடி குடிச்சேன். போர்வையைப் போத்திக்கிட்டு வெறுங்கையோட வந்தான். நானே பூட்டினேன்."

"உள்ள பாத்தீங்களா?"

"இருட்டிப்போச்சும்மா. அவ்வளவு பெரிய முரசைப் போர்வைக்குள்ளயா கொண்டுபோவான்? காண்டிராக்டர் ஆளுங்கதான் கள்ளச்சாவி போட்டிருப்பானுங்க."

அனிமா மண்டியிட்டுக் கேழ்வரகுக்குள் கையை விட்டாள்.

"பூசாரி, மழைக்காலத்துல விதையை இரும்புல வைப்பீங்களா?"

"சேச்சே, வேர்த்துப் பூசணம் பூத்துப்போகும். கூடையிலதான்..." சொல்லிக்கொண்டிருந்தவரின் கண் காலிக் கூடைமேல் போய் நின்றது.

அவள் அண்டாவைச் சாய்த்தாள். விதை கொட்டியது. அண்டா தரையில் உருண்டது. அதற்கு அடி தட்டையாக இல்லை.

"இது அண்டா இல்ல, முரசோட இரும்புக் கூடு. முரசு இந்த ரூமை விட்டுப் போகவே இல்ல. தோலும் வாரும்தான் போச்சு. நனைச்ச தோல் துணி மாதிரி மடங்கும், போர்வைக்குள்ள அடங்கும். வெட்டின வார்த்துண்டு ஒண்ணுகூட இங்க இல்ல. பொறுமையா அவுத்திருக்கு, கட்டத் தெரிஞ்ச கை." வாசலில் நின்ற சிலபேரைப் பார்த்தாள். "இல்லையா, ஜகேஷ்வர்?"

முரசுக்காரர் ஜகேஷ்வர் நாயக் தலையை ஆட்டிக்கொண்டு முன்னே வந்தார்.

"காண்டிராக்டர் வாட்ச்மேன் வேலை தர்றேன்னானா?"

"சொன்னான். அதுக்காக இல்லம்மா." அவர் பூசாரியின் பக்கம் திரும்பினார். "என் அப்பன் அடிச்சான், நான் அடிக்கிறேன். ஊரைக் கூட்டிட்டு வேலிக்கு வெளிய நிப்பேன். நீ என்ன சொல்றேன்னு ஒரு தடவை கேட்டிருக்கீங்களா? காண்டிராக்டர் கேட்டான். நாற்காலி போட்டுக் கேட்டான்."

"மேளக்காரப் பயலுக்கு நாற்காலி கேக்குதோ!" என்று பூசாரி கத்தினார். நாலு பேர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்கள்.

அனிமா குறுக்கே போய் நின்றாள். அவள் அப்பா கூட்டிய கூட்டங்களிலும் முரசுக்காரன் மழையில் வெளியேதான் நின்றான். அவளும் பார்த்திருக்கிறாள்.

கூட்டத்துக்கென்று கீழே போட்டிருந்த பந்தலில் கைதட்டல் கேட்டது. லாரி டிரைவர்களையும் கிளீனர்களையும் உட்காரவைத்து, ஊர் சம்மதித்தது என்று கூட்டத்துக்கு வந்த அரசு அதிகாரி எழுதி முடித்துவிட்டார்.

ஜகேஷ்வர் வீட்டிலிருந்து தோலைக் கொண்டுவந்து, கட்டி, தீயில் காய்ச்சி, முழக்கினார். சனங்கள் சேற்றுக்காலோடு ஓடிவந்தார்கள். கீழே காண்டிராக்டரின் ஆட்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அனிமா ஜகேஷ்வரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினாள். பாதி மலை இறங்கியதும் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஜகேஷ்வர், நான் கேக்கறேன். மலையைக் கொடுக்கலாமா?"

அவர் திரும்பி மலையைப் பார்த்தார்.

"வேண்டாம்மா," என்றார்.