ஜாவா பிரபுவின் குடை

ஆம்பூரில் மச்சான் நிசார் அஹமதுவின் வீட்டு வாசலில் அப்துல் வஹாப் ஜட்காவை விட்டு இறங்கியபோது அசர் தொழுகை முடிந்திருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தங்கை பக்ருன்னிசாவை வாணியம்பாடிக்கு அழைத்துப்போக வந்திருந்தான். கொல்லைப்புறத்தில் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஆவாரம்பட்டை வாடை வந்தது. வேலைச் சத்தம்தான் இல்லை.

கூடத்தில் மச்சானும் தங்கையும் குந்தியிருந்தார்கள். நிறைமாத வயிற்றோடு அவள் குந்தியபடியே நகர்ந்து வந்தாள்.

“இன்னாம்மா இது? எழுந்திரு.”

“முடியல, பாய்ஜான்.”

நிசார் தலை தூக்காமல் கிசுகிசுப்பாகச் சொன்னான். ஜாவாவில் அவன் தோல் விற்ற ஊரில், டச்சுக்காரனுக்குக் கீழே ஜில்லாவை ஆண்ட பிரபு ஒருவர் இருந்தார், வாயில் எந்நேரமும் கிராம்புச் சுருட்டு புகையும். அவருடைய தங்கப்பட்டைக் குடை தெருவில் வந்தால் எல்லாரும் குந்தவேண்டும். அவர் உத்தரவு தராமல் எழக்கூடாது. நிசாரும் சேற்றில் குந்தியவன்தான். அந்த அவமானம் அவனுக்கு ஆறவேயில்லை. டச்சுக்காரன் பதவியைப் பிடுங்க, பிரபு ஏங்கியே செத்தார். ஏலத்துக்கு வந்த குடையை நிசார் வாங்கிவந்து, கூடத்தில் தன் தலைக்குமேல் விரித்து, வீட்டாரைக் குந்தச்சொல்லி விளையாடினான். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டான், பாவி.

“எரிச்சுத் தொலை, மச்சான்!”

“எரிச்சாச்சு.” நிசார் தரையைக் காட்டினான்.

குடை இல்லை. அதன் வட்ட நிழல் மட்டும் கிடந்தது.

அது நகர்ந்தது.

கிராம்புப் புகை மணத்தது. வஹாபின் முழங்கால்கள் தாமாக மடிந்தன.

“உத்தரவு கேளு!”

“கேக்காத பாஷை இல்ல. பதவி போன மனுஷன், இன்னா உத்தரவு குடுப்பாரு? நீ இவளைக் கூட்டிட்டுப் போய்டு. என்னை வாசப்படி தாண்ட விடாது.”

குந்தியபடியே தங்கையை இழுத்துக்கொண்டு வஹாப் வாசலைத் தாண்டினான். தெருவில் கால்வைத்ததும் அவள் நிமிர்ந்து நின்றாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜட்கா ரயில்வே கேட்டைத் தாண்டியது.

“உதைக்குது, பாய்ஜான்,” என்று சிரித்தாள் பக்ருன்னிசா.

குதிரை நின்றது. முன்னங்கால்களை மடித்தது.

வண்டிக்காரன் இறங்கினான். இறங்கியவன் குந்தினான். எதிரே ஷாப் விட்டு வந்த ஆட்கள் ஒவ்வொருவராகப் புழுதியில் குந்தினார்கள்.

வஹாப் இருக்கையிலிருந்து சரிந்தான். அல்லாவைத் தவிர யாருக்கும் குனியாத அவன் தலை, தங்கையின் வயிற்றுக்கு நேரே தானாகத் தாழ்ந்தது.